கறுப்புத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "மானிட்டரில் புள்ளி விழுந்திருக்கு, என்ன பண்றது?" அதனால் பிரிண்டர், கீபோர்டு எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டுப் புள்ளியைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: பழைய வண்ணாரப்பேட்டையில், ஜி.ஏ. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மானிட்டர் சர்வீஸ் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா இருந்தவரை அது டி.வி. ரிப்பேர் கடை. பிக்சர் டியூப் காலத்தில் படம் ஆடும், சுருங்கும், நிறம் மாறும். ஆனால் ஒரே ஒரு புள்ளி செத்துப்போச்சு என்று யாரும் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை. எல்.சி.டி. வந்த பிறகுதான் இந்தக் கவலையும் கூடவே வந்தது.

"அக்கா, கல்மண்டபம் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்றேன். போன வாரம் புது 24 இன்ச் மானிட்டர் வாங்கினோம். ஒரு கல்யாணப் பொண்ணோட தலைமுடியில் பச்சையா ஒரு புள்ளி. போட்டோவில்தான் இருக்குன்னு நினைச்சு அரை மணி நேரம் அதை அழிக்கப் பார்த்தேன், போகலை. அப்புறம்தான் கவனிச்சேன், படத்தை நகர்த்தினாலும் புள்ளி அதே இடத்தில் நிக்குது. வெள்ளைப் பக்கம் திறந்தா காணாம போயிடுது. கடையில் கேட்டா 'அஞ்சு புள்ளி வரைக்கும் கம்பெனியே அலவ் பண்ணுது'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அது உண்மையா?" — வாசகி, ராயபுரம்

முதலில் அந்தப் பெண்ணின் ஆல்பத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். படத்தில் புள்ளி இல்லை, அச்சில் சுத்தமாகவே வரும். நீங்கள் அரை மணி நேரம் க்ளோன் டூலால் தேய்த்த இடத்தை மட்டும் இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். முடி அங்கே குழைந்த மாதிரி தெரிந்தால் பழைய ஃபைலை எடுத்து அதிலிருந்து தொடங்கிவிடுங்கள். இனிமேல் இப்படிச் சந்தேகம் வந்தால் நீங்களே கண்டுபிடித்த வழிதான் சரியான வழி: படத்தை நகர்த்திப் பாருங்கள். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் திறந்து பாருங்கள். அதில் புள்ளி இல்லையென்றால் கோளாறு மானிட்டரில்தான்.

சரி, அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்த லென்ஸ் ஒன்று என் மேஜையில் எப்போதும் இருக்கும். அதை வைத்து வெள்ளைத் திரையைக் கிட்டத்தில் பார்த்தால் வெள்ளை என்று ஒன்று இருக்கவே இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மெல்லிய கோடுகள் பக்கம் பக்கமாக நிற்கும். அதை அடுத்து மறுபடியும் சிவப்பு, பச்சை, நீலம். வரிசை வரிசையாக அப்படியே போய்க்கொண்டிருக்கும். மூன்று கோடும் சேர்ந்தது ஒரு பிக்சல். உங்களுடையது ஃபுல் எச்.டி. என்றால் ஒரு பிக்சலின் அகலம் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீங்கள் பார்க்கும் அந்தப் பச்சை.

திரைக்குப் பின்னால் பேக்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் இருக்கும் லிக்விட் கிரிஸ்டலை ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவை எவ்வளவு திறப்பது என்பதை அந்தக் கோட்டுக்கென்றே இருக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் தீர்மானிக்கிறது. முழுக்கத் திறந்தால் முழு வெளிச்சம், மூடினால் இருட்டு, நடுவில் எத்தனையோ படிகள். உங்கள் மானிட்டரில் ஒரே ஒரு பச்சைக் கதவு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. இதை ஸ்டக் பிக்சல் என்பார்கள்.

வெள்ளையில் அது ஏன் மறைகிறது என்று இப்போது புரிந்திருக்கும். வெள்ளைப் பக்கத்தில் எல்லாப் பச்சைக் கதவும் திறந்திருக்கிறது. கூட்டத்தில் அதுவும் ஒன்று. கறுப்பில் மற்றவை எல்லாம் மூடியிருக்கும்போது இது மட்டும் தனியாகத் தெரிகிறது. இன்னொன்றும் செய்து பாருங்கள். திரை முழுக்கச் சிவப்பு வைத்தால் அதே புள்ளி மஞ்சளாகத் தெரியும், ஏனென்றால் அங்கே சிவப்பும் பச்சையும் சேர்ந்துவிட்டது. முழு நீலத்தில் வெளிர் நீலப்பச்சையாகத் தெரியும். இப்படி மாறினால் பச்சைக் கோடுதான் மாட்டியிருக்கிறது என்று நூற்றுக்கு நூறு உறுதி.

மூடியபடியே மாட்டிக்கொண்டால் நேர்மாறு. பச்சைக் கோடு மட்டும் செத்திருந்தால் வெள்ளையில் அந்த இடம் ரோஸ் நிறமாக இருக்கும், முழுப் பச்சையில் கறுப்பாக இருக்கும். மூன்று கோடும் மூடிவிட்டால் எந்த நிறத்திலும் கறுப்பு. அதுதான் டெட் பிக்சல். மூன்றும் திறந்தே இருந்தால் எப்போதும் வெள்ளையாக மின்னும். அதை ஹாட் பிக்சல் என்கிறார்கள். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் டெட் பிக்சல் என்றே சொல்வார்கள். உங்கள் வாயில் சரியான பெயர் இருந்தால் சர்வீஸ் சென்டரில் பேச்சு சுருக்கமாக முடியும்.

இனி அந்த "அஞ்சு". அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த கடிதத்தில் விளக்கியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: அது இந்தியச் சட்டம் இல்லை. நிறுவனம் தன் வாரன்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. பெட்டியோடு வந்த காகிதத்தையும், அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உள்ள வாரன்டி விதிகளையும் படியுங்கள். வெளிச்சமாக நிற்கும் புள்ளிக்கு ஒரு எண்ணிக்கை, இருண்ட புள்ளிக்கு வேறு எண்ணிக்கை என்று பிரித்துத்தான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். இருட்டில் ஒரு வெளிச்சம் கண்ணை உறுத்துகிற அளவுக்கு வெளிச்சத்தில் ஒரு இருட்டு உறுத்தாது, அதனால் வெளிச்சப் புள்ளிக்குத்தான் விதி கடுமையாக இருக்கும். உங்களுடையது வெளிச்சப் புள்ளி. டெல் தன் அல்ட்ராஷார்ப் வரிசைக்கு வாரன்டி காலத்தில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தாலும் மாற்றித் தருவதாக உறுதி கொடுக்கிறது. எல்லா மாடலுக்கும் அப்படிக் கிடையாது. வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது என்பது உங்களுக்குப் பெரிய பலம். இன்றைக்கே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களைத் திரை முழுக்க வைத்து போனில் படம் எடுங்கள். புள்ளி இடது ஓரத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர், மேலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். பில், சீரியல் நம்பர், இந்தப் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னதற்கு வாயால்தான் பதில் வரும். வாரன்டியில் இடமிருந்தும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.

ஆல்பம் டிசைன் செய்கிறவருக்குக் கண்தான் தொழில். ஒரு புள்ளிதானே என்று விட்டுவிட உங்களை யார் சொன்னாலும் விடாதீர்கள்.

"மகளே, நான் ஐ.சி.எஃப்.பில் வெல்டராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஒரு ரயில் பெட்டியில் ஒரு போல்ட் சரியில்லை என்றாலும் இன்ஸ்பெக்‌ஷனில் திருப்பி அனுப்புவார்கள். பேரன் வாங்கிய மானிட்டரில் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. குறையோடு இருக்கும் பொருளை எப்படி வெளியே அனுப்புகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை." — வாசகர், பெரம்பூர்

ஐயா, 1955 முதல் ரயில் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் கை பழகியவர் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்வி. போல்ட் சரியில்லை என்றால் கழற்றி வேறு போடலாம். வெல்டிங் சரியில்லை என்றால் அரைத்தெடுத்து மறுபடி வைக்கலாம். பிக்சலைக் கழற்ற முடியாது. சிரமமே அங்கேதான் இருக்கிறது.

பேரனுடைய மானிட்டர் ஃபுல் எச்.டி. என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல். பெருக்கினால் 20,73,600. ஒவ்வொன்றிலும் மூன்று கோடு, ஆக 62,20,800 கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு டிரான்சிஸ்டர். இவ்வளவையும் ஒரே கண்ணாடித் தகட்டின் மேல் படலம் படலமாகப் பதித்து, அதற்கு மேல் இன்னொரு கண்ணாடியை வைத்து, நடுவில் லிக்விட் கிரிஸ்டலை நிரப்பி, ஓரத்தைச் சுற்றி அடைத்துவிடுகிறார்கள். இதைத்தான் பேனல் என்கிறோம். இரண்டு கண்ணாடிக்கும் இடையில் இருக்கும் வெளி ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு விழுந்தாலும் ஒரு கதவு போய்விடும். அடைத்த பிறகு உள்ளே கை வைக்க வழியில்லை. தொழிற்சாலையில் ஒன்று மட்டும் செய்வார்கள்: எப்போதும் எரியும் புள்ளியை லேசரால் சுட்டு இருண்ட புள்ளியாக மாற்றுவது. உறுத்தல் குறையும் என்பதற்காக. பேரனுடையது பிறவியிலேயே செத்ததா, இப்படி அணைக்கப்பட்டதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

62 லட்சத்தில் ஒன்றுகூடப் பழுதில்லாத பேனலை மட்டும்தான் விற்போம் என்றால் மீதியை உடைத்துப் போட வேண்டும், விலையும் ஏறும். அதனால் எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று ஒரு அளவுகோல் வந்தது. 2001இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற சர்வதேசத் தரம் பேனல்களை நான்கு வகுப்பாகப் பிரித்தது. அதில் இரண்டாம் வகுப்பைத்தான் பெரும்பாலான மானிட்டர் நிறுவனங்கள் கையில் எடுத்துக்கொண்டன. அந்த வகுப்பில் 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் முழுப் பிக்சல் 2, எப்போதும் இருண்ட முழுப் பிக்சல் 2, தனிக் கோட்டில் வரும் குறை 5 வரை இருக்கலாம். ராயபுரம் வாசகிக்குக் கடையில் சொன்ன "அஞ்சு" இந்த ஐந்தாகத்தான் இருக்க வேண்டும். 2008இல் அந்தத் தரத்தின் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை வந்தது. குறைகளைப் பற்றிய பகுதி 307.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது 10 லட்சம் பிக்சலுக்கு இவ்வளவு என்று போகிறது. மானிட்டர்கள் பத்து, பதிமூன்று லட்சம் பிக்சலோடு இருந்த நாளில் அது பொருந்தியது. இன்றைக்கு 4கே திரையில் 82,94,400 பிக்சல் இருக்கிறது. அதே விகிதத்தை அப்படியே போட்டால் தனிக் கோட்டுக் குறை மட்டும் 41 வரை இருக்கலாம் என்று காகிதம் சொல்லும். நல்லவேளையாக நிஜத்தில் அப்படி ஒரு பேனல் என் மேஜைக்கு வந்ததில்லை. நிறுவனங்களும் இதைவிடக் கடுமையான எண்ணிக்கையைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறவரிடம் "இது தரத்துக்குள்தான் இருக்கிறது" என்று அந்தப் பழைய கணக்கை நீட்டுவது எனக்கு ஒப்பவில்லை. திரையின் நடுவில் ஒரு புள்ளியும் மூலையில் ஒரு புள்ளியும் உட்காருகிறவருக்கு ஒன்றில்லை.

பேரனிடம் கேளுங்கள். ஓரத்துக் கறுப்புப் புள்ளி அவர் கண்ணில் படுவதே இல்லை என்றால் விட்டுவிடலாம், அது பரவாது. பக்கத்துப் பிக்சலுக்கு ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை.

"அக்கா, பென்சில் பின்னால் இருக்கும் ரப்பரை வைத்து அழுத்தினால் ஸ்டக் பிக்சல் சரியாகிவிடும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். என் மானிட்டரில் சிவப்புப் புள்ளி இருக்கிறது. அழுத்தலாமா?" — கல்லூரி மாணவர், வியாசர்பாடி

தம்பி, வேண்டாம்.

போன வருடம் உன் வயதுப் பையன் ஒருவன் 22 இன்ச் மானிட்டரைப் போர்வையில் சுற்றி பைக்கில் கொண்டுவந்தான். ஒரு நீலப் புள்ளி இருந்ததாம். வீடியோ பார்த்துக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறான். போகவில்லை என்று இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கிறான். நான் திரையைப் போட்டுப் பார்த்தபோது நீலப் புள்ளி அதே இடத்தில் இருந்தது. அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நாவல்பழச் சாறு ஊறிய மாதிரி ஒரு கறை. உள் கண்ணாடியில் கண்ணுக்கே தெரியாத ஒரு விரிசல் விட்டு, லிக்விட் கிரிஸ்டல் கசிந்திருந்தது. வாரன்டி இன்னும் எட்டு மாதம் பாக்கி. ஆனால் கண்ணாடி உடைந்தது என்று ஆனபின் அது உற்பத்திக் குறை ஆகாது, உடைத்த குறை ஆகிவிடும். அவனுக்கு நான் செய்து கொடுக்க ஒன்றுமில்லை. அவன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றேன்.

அழுத்திச் சில புள்ளிகள் சரியானது உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்கு மைக்ரான், ஐந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி இருக்கும் கண்ணாடிக்கு நம் விரல் எவ்வளவு பலம் கொடுக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கை வைக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புள்ளி இருக்கும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை என்று வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. மாட்டிக்கொண்ட கதவைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடச் சொல்வது மாதிரி. அதைப் புள்ளியின் மேல் மட்டும் ஒரு சின்ன ஜன்னலாக வைத்துச் சில மணி நேரம் ஓடவிடு. சிலது சரியாகும், சிலது சரியாகிச் சில நாளில் திரும்ப வரும், பலது அசையாது. உத்தரவாதம் கிடையாது. ஆனால் கண்ணாடிக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அது ஓடும்போது திரையைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, வீட்டில் வலிப்பு வருகிறவர்கள் இருந்தால் அந்த அறையில் ஓடவிடவே விடாதே. ஒளி அப்படி விட்டுவிட்டு மின்னுவது சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

இதுவும் ஸ்டக் பிக்சலுக்கு மட்டும்தான். எந்த நிறத்திலும் கறுப்பாகவே நிற்கும் புள்ளிக்கு டிரான்சிஸ்டரே போயிருக்கும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டாலும் பயனில்லை. இதிலும் பேனலுக்குப் பேனல் வித்தியாசம் உண்டு. பழைய டி.என். வகைப் பேனலில் மின்சாரம் போகாத கதவு திறந்து நிற்கும். அதனால் டிரான்சிஸ்டர் செத்தால் வெளிச்சப் புள்ளி விழும். இப்போது அதிகம் விற்கும் ஐ.பி.எஸ்.ஸிலும் வி.ஏ.யிலும் மின்சாரம் போகாத கதவு மூடி நிற்கும், செத்தால் கறுப்புதான்.

வாரன்டி இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் மென்பொருளுக்கு முன்பு புகாரை எழுதி அனுப்பிவிடு.

"எங்கள் ஆபீஸ் காசிமேட்டில், மீன் ஏலக் கணக்கு எழுதுகிற இடம். மழை ஆரம்பித்ததிலிருந்து மானிட்டரில் ஒரு கறுப்புப் புள்ளி. காலையில் மேலே இருந்தது, சாயங்காலம் நடுவில் இருக்கிறது. டெட் பிக்சல் இடம் மாறுமா?" — வாசகர், காசிமேடு

மாறாது. உங்கள் மானிட்டருக்குள் இருப்பது ஒரு பூச்சி.

மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் பொடிப் பூச்சிகள் மானிட்டரின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய், பேக்லைட் வெளிச்சத்தை நோக்கி நடந்து, பேனலுக்குப் பின்னால் இருக்கும் ஷீட்டுகளுக்கு நடுவில் வந்துவிடும். பார்த்தால் புள்ளி மாதிரியே இருக்கும். லென்ஸில் பார்த்தால் தெரிந்துவிடும்: பிக்சலுக்கு நேரான விளிம்பு இருக்கும், இதற்கு விளிம்பு மங்கலாக, நிழல் மாதிரி இருக்கும். தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் படத்தோடு ஒட்டாமல் கொஞ்சம் விலகித் தெரியும். உள்ளே போன தூசும் இப்படித்தான் தெரியும், ஆனால் தூசு நடக்காது.

தயவுசெய்து அதைத் திரையின் மேலிருந்து நசுக்காதீர்கள். உயிரோடு இருக்கும்வரை அது வெளியே போக வாய்ப்பு உண்டு. நசுக்கினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அப்பா சொல்லிக்கொடுத்த வழி இது: இரவு மானிட்டரை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, மானிட்டரின் மேல் பக்கத் துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் லாம்ப் மட்டும் எரியட்டும். வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே அது போகும். ஒரே இரவில் போய்விட்டதும் உண்டு, மூன்று இரவு ஆனதும் உண்டு.

உள்ளேயே செத்துவிட்டால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். சட்டத்தைக் கழற்றி, பேனல் கண்ணாடியைத் தூக்கி வைத்து, கீழே இருக்கும் மூன்று நான்கு வெள்ளை ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். கேட்கச் சுலபம். ஒரு பூச்சியை எடுக்கப் போய் பத்துத் தூசைச் சேர்த்துவிடலாம், பேனலின் ரிப்பன் கிழிந்தால் மானிட்டரே போச்சு. காற்று அடங்கிய அறையில், ஃபேனை அணைத்துவிட்டு, பழகிய கையால் செய்ய வேண்டிய வேலை. மீன் ஏலக் கணக்குக்கு அந்தப் புள்ளி இடைஞ்சல் இல்லையென்றால் அப்படியே விடுங்கள்.

"டியூஷன் சென்டரில் இருக்கும் மானிட்டரில் மேலிருந்து கீழ் வரை ஒரு பச்சைக் கோடு. சட்டத்தின் மேல் பக்கத்தை அழுத்தினால் மறைகிறது, விட்டால் வருகிறது. பிக்சல் வரிசையாகச் செத்துவிட்டதா?" — ஆசிரியை, தண்டையார்பேட்டை

இல்லை டீச்சர். பிக்சல்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றுக்குச் செய்தி கொண்டுபோகும் வழி அறுந்திருக்கிறது. கண்ணாடியின் ஓரத்தில் நூல் நூலாக மெல்லிய ரிப்பன்களை ஒட்டியிருப்பார்கள். பேனலின் ஒவ்வொரு நெடு வரிசைக்கும் அதில் ஒரு தடம். அந்த ஒட்டு விட்டுப்போனால் அந்த வரிசை முழுக்க ஒரே கோடாகத் தெரியும். அழுத்தும்போது ஒட்டு சேர்கிறது, அதனால்தான் மறைகிறது.

ஆனால் முடிவுக்கு வரும் முன் ஒரு சோதனை. மானிட்டரின் பட்டனை அழுத்தி பிரைட்னெஸ் மெனுவைக் கொண்டுவாருங்கள். அந்த மெனுவை மானிட்டரே போடுகிறது, கம்ப்யூட்டர் இல்லை. கோடு அந்த மெனுவின் மேலேயும் குறுக்கே போனால் கோளாறு மானிட்டரில். மெனுவின் மேல் இல்லாமல் மற்ற இடத்தில் மட்டும் இருந்தால் கேபிளையோ கம்ப்யூட்டரையோ பாருங்கள்; எச்.டி.எம்.ஐ. கேபிளை மாற்றிப் பார்ப்பதில் செலவு குறைவு. அழுத்தினால் மறைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் மெனுவின் மேலேயும் தெரியும் என்றே நினைக்கிறேன். கடலை ஒட்டி இருக்கும் நம் பக்கத்துப் பட்டறைகளில் உப்புக் காற்றில் பச்சை பூத்த இணைப்புகளை நிறையப் பார்க்கிறோம். ஒட்டை மறுபடி வைக்கும் மெஷின் சின்னப் பட்டறையில் இருக்காது. புதுப் பேனல் போட்டால் புது மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வரும். கோட்டோடு பாடம் நடத்த முடிகிறவரை நடத்துங்கள். அழுத்தி அழுத்திப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள், ஒரு கோடு நாளைக்கு நான்காகும்.

"புள்ளி இருக்கும் திரையைப் பார்த்தால் கண் கெடுமா?" — வாசகி, கொருக்குப்பேட்டை

கெடாது. எரிச்சல் வரலாம், கண் கெடாது.

"என் போன் திரையின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு, தினமும் கொஞ்சம் பெரிதாகிறது. அதற்கும் அந்த நிறம் மாற்றும் மென்பொருளைப் போடலாமா?" — வாசகர், திருவொற்றியூர்

போடாதீர்கள். உங்களுடையது ஓலெட் திரையாக இருக்க வேண்டும். அதில் பேக்லைட் கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. கீழே விழுந்தோ அழுத்தம் பட்டோ அடைப்பு விட்டுப்போனால் காற்றும் ஈரமும் உள்ளே போய் அந்த இடம் கறுத்துக்கொண்டே வரும். எந்த மென்பொருளும் அதைத் தடுக்காது. போனில் இருக்கும் படம், காண்டாக்ட் எல்லாவற்றையும் இன்றைக்கே வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். திரை முழுக்கப் போனபின் எடுப்பது கஷ்டம்.

"அக்கா, எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். ஒரு ஆபீஸை மூடுகிறார்கள், பத்துப் பழைய மானிட்டர் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். சிலதில் புள்ளி இருக்கிறதாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதிது வாங்க எங்களால் முடியாது. இதை வாங்கலாமா?" — படிப்பகப் பொறுப்பாளர், கொடுங்கையூர்

வாங்குங்கள். படிக்கிற பிள்ளைக்கு மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி ஒரு தடையே இல்லை. புள்ளி இருப்பதால் விலை குறைகிறது என்றால் அது உங்களுக்கு லாபம்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. பத்தையும் ஒரே நேரத்தில் போடச் சொல்லி அரை மணி நேரம் எரியவிடுங்கள். போட்டவுடன் நன்றாக இருந்து, சூடேறியதும் மினுக்குவதும் அணைவதும் பழைய மானிட்டருக்கு வழக்கமான நோய்; பவர் போர்டில் கப்பாசிட்டர் உப்பியிருக்கும். அதைச் சரிசெய்ய முடியும், செலவும் அதிகமில்லை, ஆனால் அதற்கேற்ப விலை குறைக்கச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பக்கம் போட்டால் திரை மஞ்சளாகவோ சிவந்தோ மங்கியோ இருந்தால் பேக்லைட் களைத்துவிட்டது. அதை எடுக்காதீர்கள், பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பார்கள். ரொம்பப் பழைய மானிட்டர்களில் எல்.இ.டி.க்குப் பதில் மெல்லிய டியூப் லைட் இருக்கும். அதற்குள் பாதரசம் உண்டு, உடைந்தால் கையால் தொடக் கூடாது. பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த வருடம் இருக்கும், 2010க்கு முந்தியது என்றால் தள்ளிவையுங்கள்.

அதற்கப்புறம் புள்ளிக்கு வாருங்கள். ஐந்து நிறப் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு மானிட்டரின் பின்னாலும் சாக்பீஸால் ஒரு நம்பர் எழுதி, எதில் எங்கே என்ன நிறப் புள்ளி என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்தது எதையும் எடுக்காதீர்கள். நடுவில் வெளிச்சப் புள்ளி இருக்கும் மானிட்டரைப் பெரியவர்கள் கணக்கு எழுதும் மேஜையில் வைத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் அந்தப் புள்ளியை விரலால் குத்திக்கொண்டே இருப்பார்கள். வண்டியில் ஏற்றும்போது படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நிற்கவைத்து, திரையும் திரையும் பார்த்த மாதிரி, நடுவில் ஒரு பழைய போர்வையை மடித்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதையும் அடிக்க வேண்டாம், அதிலுள்ள அமோனியாவும் ஆல்கஹாலும் திரையின் மேல் பூச்சைக் கெடுக்கும். மானிட்டரை அணைத்துவிட்டு, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

கப்பாசிட்டர் மாற்ற வேண்டியது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு எடுத்து வாருங்கள். படிப்பகத்துப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள். லென்ஸை அவர்கள் கையில் கொடுத்து அந்தச் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளைக் காட்ட வேண்டும்.